ஒற்றைக் கொம்பும் தட்டுவடை செட்டும்: சேலம், ஏற்காடு நான்கு நாள்

ஜூன் 13, 2025, வெள்ளி. குரும்பப்பட்டி

காலை ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற புழுக்கம். சேலம் புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு ஆட்டோக்காரர் 350 சொல்லி 280-க்கு இறங்கி வந்தார். இறங்கி வந்த குறையைப் பேச்சில் ஈடுகட்டினார். "ஏற்காட்டுல ரெட்டத்தல மான்குட்டி பொறந்திருக்குதுங்க, பாக்கலீங்களா?" கோரிமேடு தாண்டியதும் வண்டியை ஓரம்கட்டி ஃபோனை நீட்டினார். ஒரே உடம்பு, இரண்டு கழுத்து, இரண்டு தலை.

படம் மெய். ஊர்தான் பொய். அந்தக் குட்டி 2016 மே மாதம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், காளான் பறிக்கப் போன ஒருவர் கண்ணில் பட்டது. வெள்ளைவால் மான் இனம். ஆராய்ச்சிக் கட்டுரை 2018-ல் வந்தது. உள்ளே இரண்டு இதயம், இரண்டையும் மூடிய ஒரே உறை, ஒரே ஈரல். நுரையீரலைத் தண்ணீரில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், மூழ்கிவிட்டது. ஒரு முறை மூச்சு இழுத்திருந்தாலும் மிதந்திருக்கும். செத்தே பிறந்த குட்டி அது. ஒட்டிப் பிறந்த வெள்ளைவால் குட்டி முழுமாதம் வளர்ந்து வெளியே வந்ததாகத் தெரிவது அது ஒன்றுதான்.

ஆட்டோக்காரருக்கு ஏமாற்றம். "அப்ப புள்ளி இருக்குதுங்களே?" என்றார். நல்ல கேள்வி. வெள்ளைவால் மானுக்குக் குட்டியில் மட்டும் புள்ளி, சில மாதத்தில் மறைந்துவிடும். நம் புள்ளிமானுக்குச் சாகும்வரை. குட்டிப் படத்தைப் புள்ளியை மட்டும் வைத்து எந்த ஊர் என்று சொல்ல முடியாது.

பூங்கா சேர்வராயன் மலையின் காலடியில் இருக்கிறது. புள்ளிமான் கூட்டத்தில் ஒரு கலைக்கு, அதாவது ஆண் மானுக்கு, இடதுபக்கம் மட்டும் கொம்பு. முழு வளர்ச்சி: நெற்றியை ஒட்டி முன்னோக்கி ஒரு கவை, நுனியில் இரண்டு, மொத்தம் மூன்று. வலதுபக்கம் வெறுமை. பள்ளிப் பிள்ளைகள் "ஒத்தக் கொம்பு, ஒத்தக் கொம்பு" என்று கூவ, ஒரு அப்பா "சண்டைல ஒடஞ்சிருச்சு கண்ணு" என்று விளக்கம் கொடுத்தார்.

ஒடிந்த கொம்பு அப்படி இருக்காது. மண்டை எலும்பிலிருந்து விரல்கட்டை உயரத்துக்குத் தோல் போர்த்திய ஒரு முளை எழும். அதைக் கொம்படி என்று சொல்வோம். அதன் தலையில்தான் கொம்பு உட்கார்ந்திருக்கிறது, சேரும் இடத்தில் சொரசொரப்பான ஒரு வளையத்தோடு. சண்டையில் முறிந்தால் வளையத்துக்கு மேலே முறியும். கூரான மொட்டை மிஞ்சும். தானாக உதிர்ந்தால் வளையமும் சேர்ந்து போய்விடும். கொம்படியின் தலையில் பழைய ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு செந்தட்டு, மேலே ரத்தப் பொருக்கு. வலதுபக்கம் தெரிந்தது அந்தப் பொருக்குதான். இரண்டு கொம்பும் ஒரே நிமிஷத்தில் விழுவதில்லை. சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். குளிர் நாட்டு மான்களைப் போல எல்லாம் ஒரே பருவத்தில் உதிர்ப்பதும் புள்ளிமானிடம் கிடையாது. ஒரே மந்தையில் ஒன்று முழுக் கொம்போடும் ஒன்று மொட்டைத் தலையோடும் ஒன்று வெல்வெட் என்கிற மென்தோல் போர்த்திய மொட்டுக் கொம்போடும் நிற்கும். இன்றைக்கு மூன்று வகையையும் ஒரே வேலிக்குள் பார்க்க முடிந்தது.

வெல்வெட் கழற்றுகிற நாளில் ஒரு கலையைப் பார்ப்பவர் இன்னும் பயப்படுவார். ரத்தம் சொட்டச் சொட்டத் தோல் கிழிந்து காதோரம் தொங்கும், அதை மரத்தில் தேய்த்துக்கொண்டு நிற்கும். ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடுகிற காரியம்.

மாலை டவுனில் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. ஐந்து செட் 40 ரூபாய். சட்னி ஊறுவதற்குள் சாப்பிட வேண்டும். படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரைக் கடைக்காரம்மா "நமுத்துப் போவுது, மொதல்ல வாயில போடுங்க" என்று அதட்டினார். அதட்டியது சரிதான்.

ஜூன் 14, சனி. இருபது வளைவு

அடிவாரம் தாண்டும் முன்பே இடதும் வலதும் வெள்ளைக்கல் மேடுகள். சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட் என்கிற மக்னீசியத் தாது. பக்கத்து சீட்டுக்காரர், "இந்தக் கல்லத் தின்னுதான் மானுக்குக் கொம்பு கோணுதுன்னு சொல்றாங்க" என்றார். கொம்பு எலும்புதான், அதற்கு வேண்டியது கால்சியமும் பாஸ்பரஸும். தீனியில் கிடைப்பது போதாவிட்டால் மான் தன் விலா எலும்பிலிருந்து கடன் வாங்கிக் கொம்பைக் கட்டும், பிறகு மெல்லத் திருப்பி அடைக்கும். கடன் அடைபடாத வறட்சி ஆண்டில் கொம்பு மெலியும், கவை குறையும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் குறையும். ஒருபக்கம் மட்டும் கோணினால் தீனியைக் குற்றம் சொல்லக் கூடாது.

ஏற்காடு சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. மூன்றாவது வளைவிலேயே ஒரு சிறுவனுக்குக் குமட்டல். ஓட்டுநர் முகம் சுளிக்காமல் நிறுத்தினார்; கண்டக்டர் தன் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். எப்போதும் ஒன்று வைத்திருப்பாராம்.

அந்த நாலு நிமிஷத்தில் சரிவில் உண்ணிச்செடிப் புதருக்குள் ஆறு புள்ளிமான். "மூணு கொம்புங்க, மூணு கொம்பு!" ஜன்னலோரக் கைகள் எல்லாம் ஃபோனோடு வெளியே நீண்டன. தொலைநோக்கியில் பார்த்தாலும் முதலில் மூன்றுதான். நடுவில் இருப்பது கொம்பா, பின்னால் நிற்கிற பட்டகுச்சியா என்று கண்டுபிடிக்க ஒரே வழி, தலை அசையும் வரை காத்திருப்பது. காதை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். தலை திரும்பும்போது காதோடு சேர்ந்து நகர்ந்தால் கொம்பு. நின்ற இடத்தில் நின்றால் குச்சி. இது குச்சி. பஸ் பூராவும் "அட" என்றது. அரை மணியில் எத்தனை ஃபோனுக்கு அந்தப் படம் போயிருக்குமோ.

நிஜமாகவே மூன்றாம் கொம்பு முளைப்பது உண்டு. கொம்பு முளைக்கும் சூட்சுமம் கொம்படியை மூடிய எலும்புச் சவ்வில் இருக்கிறது. அடிபட்டு அந்தச் சவ்வு கிழிந்து நகர்ந்தால், நகர்ந்த இடத்திலும் ஒரு கொம்பு கிளம்பும். இத்தாலியின் பிராட்டோ நகர இயற்கை அறிவியல் மையத்தில் 2008-ல் நேர்மாறான ஒன்றைக் காட்டினார்கள்: நெற்றி நடுவில் ஒரே கொம்போடு ஒரு ரோ மான் (ஐரோப்பியச் சிறு மான்). கூடப் பிறந்த இரட்டைக்கு வழக்கம்போல இரண்டு கொம்பு.

மேலே ஏறியதும் பனிமூட்டம். தொலைநோக்கியின் கண்ணாடி முழுக்க ஈரம் படிந்துகொண்டது. துடைத்தால் கோடு விழும். பைக்குள் பதினைந்து நிமிஷம் மூடி வைத்தாயிற்று. அந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான் சாலையோரத் தோட்டத்திலிருந்து காட்டுமாடு ஒன்று தார் ரோட்டுக்கு வந்து, இருபுறமும் வண்டிகளை நிறுத்திவிட்டு, நிதானமாகக் கடந்தது. ஒரு பைக்குக்காரர் ஹாரன் அடித்தார். பக்கத்தில் நின்ற தோட்டத் தொழிலாளி அம்மா அவர் கையைத் தட்டிவிட்டார்.

காட்டுமாட்டுக்கு இடதுகொம்பு நுனி மழுங்கியிருந்தது. அந்த நுனி இனி வளராது. மாட்டுக் கொம்பு எலும்பின் மேல் நகம் போன்ற உறை. பிறந்ததிலிருந்து ஒன்றே ஒன்று. மான் கொம்பு ஆண்டுதோறும் புதுசு. மாட்டின் கொம்பில் அதன் ஆயுள் முழுக்கப் பட்ட அடியும், மானின் கொம்பில் அந்த ஒரு வருஷத்து அடியும் இருக்கும்.

ஏரிக்கரையில் சனிக்கிழமைக் கூட்டம். மிளகாய் பஜ்ஜி தட்டு 50 ரூபாய், காரம் கண்ணில் ஏறியது. சிப்ஸ் கவர்கள் புல்லெங்கும். உப்பு ஒட்டிய கவரை மான் விடாது. ஜப்பானின் நாரா பூங்காவில் 2019-ல் செத்த மான்களில் ஒன்றின் வயிற்றில் 4.3 கிலோ பிளாஸ்டிக் இருந்தது. வயிறு பானைபோல், முதுகெலும்பு தெரிய இளைத்து நிற்கும் மானை நம் ஊரில் சினை என்று நினைத்து வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். கிடாயாக இருந்தாலும்.

ஜூன் 15, ஞாயிறு. சேர்வராயன் கோயில்

காலை குளிர், ஸ்வெட்டர் இல்லாதவர்கள் டீக்கடை அடுப்பைச் சுற்றி. கோயில் 5,300 அடிக்கும் மேல். குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் உள்ளே. வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கீழே ஒரு தகரக் கொட்டகைக் கடையில் ஒன்றரை மணி நேரம் அடைக்கலம். காபி 20 ரூபாய். இந்த மலையில் 1820 வாக்கிலேயே காபி வந்துவிட்டது, கடைக்காரர் சிக்கரி கலப்பதில்லை என்று இரண்டு முறை சொன்னார்.

அங்கே ஒரு எஸ்டேட் காவல்காரர், அறுபது வயது இருக்கும். மான் பேச்சு காதில் விழுந்ததும் ஃபோனை எடுத்தார். "சாமி, இதப் பாருங்க. கீழ்க்காட்டுப் பக்கம் எடுத்தது. ரெண்டு வருசமா இப்படித்தான்." படத்தில் ஒரு புள்ளிமான் கலை. வலதுகொம்பு நேர்த்தியாக மூன்று கவை. இடதுகொம்பு கட்டைவிரல் தடிமனில் கிளம்பி, காதுக்கு முன்னால் கீழ்நோக்கி மடிந்து, முக்கால் சாணில் முடிந்துவிட்டது.

இடதுகொம்பு கோணினால் முதலில் பார்க்க வேண்டியது வலது பின்னங்காலை. பெரிதாக்கிப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே முடி இல்லாத ஒரு வளையம், அதன் மேல் எலும்பு தடித்த முண்டு. முயலுக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு. கம்பி எப்போதோ அறுந்து விழுந்துவிட்டது, தழும்பு இருக்கிறது.

ஃபோன் படம் இடவலம் திரும்பியிருந்தால் இடது, வலது என்ற பெயர் மாறிப்போகும், எதிரெதிர்ப் பக்கம் என்பது மாறாது. நல்லவேளையாகப் பின்னால் ஒரு எஸ்டேட் பலகை, அதில் எழுத்து நேராக இருந்தது.

பின்னங்காலில் பலமான காயம் என்றால் எதிர்ப்பக்கக் கொம்பு கெடும். முன்னங்காலில் என்றால் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. அதே பக்கமும் கெடலாம். ஏன் எதிர்ப்பக்கம் என்பதற்கு முடிந்த முடிவான விளக்கம் கிடையாது. நரம்பு வழியா, உடல் பாரத்தைச் சாய்ப்பதா என்று வாதம் நடக்கிறது. காயம் ஆறினாலும் ஒன்றிரண்டு வருஷம் கோணல் திரும்ப வரும். கால் போயேவிட்டால் ஒவ்வொரு வருஷமும்.

இதைத் தவிர ஒருபக்கக் கோணலுக்கு வழக்கமான காரணம் இரண்டுதான். வெல்வெட் பருவத்தில் கொம்பு மெத்தென்று, தொட்டால் சூடாக, ரத்தமும் நரம்பும் நிறைந்திருக்கும். அப்போது கிளையில் மோதினால் மடிந்து, மடிந்தபடியே எலும்பாகிவிடும். அடுத்த வருஷம் சரியாகிவிடும். கொம்படியே அடிபட்டிருந்தால், அல்லது உதிரும்போது கொம்படி எலும்பைப் பிய்த்துக்கொண்டு விழுந்திருந்தால், ஆயுளுக்கும் கோணல். கீழே விழுந்த கொம்பைப் பார்த்தால் இது தெரியும்: அடி சற்றே குவிந்து மொரமொரப்பாக இருந்தால் இயல்பு, மண்டையோட்டுச் சில்லு ஒட்டியிருந்தால் சீழ் வைத்திருக்கிறது, தட்டையாக வழவழவென்று இருந்தால் யாரோ ரம்பம் போட்டிருக்கிறார்கள். பார்க்கலாம், எடுக்கக் கூடாது. உதிர்ந்த கொம்பை வீட்டில் வைத்திருப்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கோணல் அடுத்த வருஷமும் வருகிறதா என்று பார்த்தால்தான் காரணம் பிடிபடும், அதனால் ஒரு வருஷத்துப் படம் எதையும் நிரூபிக்காது. இந்தக் காவல்காரரின் "ரெண்டு வருசமா" என்ற சொல்தான் படத்தைவிட மதிப்பு.

அவருக்கு இன்னொரு கேள்வி இருந்தது. "கடமான் தொண்டையில வருசா வருசம் வட்டமா ரத்தப் புண்ணு வருதுங்க, ஆணுக்கும் பொட்டைக்கும். அது நோவுங்களா?" இந்தியக் காடுகளில் பழைய வேட்டைக்காரர்களும் எழுதி வைத்த புண் அது. கழுத்தின் அடியில் முடி உதிர்ந்து, ஈரம் கசிய இருக்கும். சுரப்பி என்று ஒரு கட்சி, ஒட்டுண்ணிப் புழு என்று ஒரு கட்சி. நன்றாக மேய்கிற கடமானிடமும் இருக்கும், தானாக ஆறும். துப்பாக்கிக் காயம் என்று புகார் போவது இதைப் பார்த்துத்தான். கடமான் கோபத்தில் கண்ணுக்குக் கீழ் இருக்கும் சுரப்பியைத் திறக்கும்போதும் கிழிந்த காயம் போலத் தெரியும். கேளையாடு என்கிற சின்ன மானின் முகத்தில் இரண்டு எலும்பு வரப்பும், கிடாவின் மேலுதட்டுக்கு வெளியே நீளும் கோரைப்பல்லும் பார்த்து "பன்றிமான்" என்று வீடியோ போட்டவர்களும் உண்டு. எல்லாம் பிறவி அமைப்பு.

மழை விடவில்லை. அடுத்த காபி. கடைக்காரரின் மகன், கல்லூரிப் பையன், வெல்வெட்டோடு காலிஃபிளவர் மாதிரிக் கொம்பு வளர்ந்த மான் படம் காட்டினான். வெளிநாட்டு ரோ மான். அது புற்றுநோய் என்று நினைத்திருந்தான். விதைப்பையில் காரணம் இருக்கிறது என்றதும் அப்பா முன்னால் கேட்கக் கூச்சப்பட்டான். அப்பாவோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், ஆடு வளர்ப்பவர். கொம்படி முளைக்கும் முன்பே விதை அடிபட்டால் ஆயுளுக்கும் கொம்பு கிடையாது. முற்றிய கொம்போடு இருக்கும்போது அடிபட்டால் சில வாரத்தில் கொம்பு விழுந்துவிடும்; அடுத்து வருவது வெல்வெட்டை விட்டு வெளியே வராது. வெல்வெட்டில் இருக்கும்போதே அடிபட்டால் அது முற்றவும் முற்றாது, உதிரவும் உதிராது. குளிர் நாட்டில் பனி நுனியைக் கருக்கி விழச் செய்யும். ரோ மானிடம் கட்டுக்கட்டாய்ப் பெருகிக் கண்ணையே மூடிவிடும். "அதாஞ் செம்மறிக்கு நாங்க நாள் பாத்துப் பண்றது" என்றார் அவர், மானைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மறந்து.

பெண் மானான பிணைக்குக் கொம்பு முளைப்பதும் ஹார்மோன் கோளாறுதான், வெள்ளைவால் மானில் அவ்வப்போது அகப்படும். பெண் மானுக்கும் முனிவருக்கும் முடிச்சுப் போட்டு, தலையில் மான் கொம்புள்ள கலைக்கோட்டு முனிவரை (ரிஷ்யசிருங்கர்) உண்டாக்கிய நம் ஆட்களுக்கு அது பெரிய அதிசயமாக இருந்திருக்காது.

பையனிடம் இன்னொரு படமும் இருந்தது: கண் இரண்டிலும் மயிர் முளைத்த மான். இதுவும் மெய். அமெரிக்காவின் டென்னசியில் ஃபாரகட் என்ற ஊரில் 2020 ஆகஸ்டில் தெருவில் தடுமாறிக்கொண்டிருந்த இளங்கலை. கரு வளரும்போது விழிப்படலம் ஆகவேண்டிய இடத்தில் தோல் ஆகிவிட்டது. தோல் என்றால் மயிரும் உண்டு. வெளிச்சமும் இருட்டும் தெரிந்திருக்கும், வழி தெரிந்திருக்காது. இது போன்ற பிறவிக் கோளாறுதான் அபூர்வம். காட்டில் நாம் பார்க்கும் கோணல்களில் பெரும்பாலானவை சுருக்குக் கம்பியும் ரோடும் வேலியும் செய்தவை.

போன வருஷம் கால் நொண்டிய ஒரு மானைக் காப்பாற்றுகிறோம் என்று இளைஞர்கள் சிலர் வலையோடு துரத்திப் பிடித்ததாகவும், மறுநாள் செத்துப்போனதாகவும் காவல்காரர் சொன்னார். "ஒரு காயமும் இல்லீங்க புதுசா. பயந்தே செத்துருச்சு." பயம் மட்டும் இல்லை. ஓடி ஓடித் தசை வெந்து சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். மூத்திரம் காபி நிறத்தில் போகும். பிடித்த அன்றைக்கும் சாகும், பத்து நாள் கழித்தும் சாகும். நொண்டுகிற மான் மேய்ந்துகொண்டிருந்தால் விட்டுவிட வேண்டும். கம்பி இன்னும் இறுகிக்கொண்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் மயக்க ஊசியோடு வருவார்கள்.

அவருக்கு எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: முப்பது மீட்டருக்குள் போகாதீர்கள், நேர்முகம், இடம், வலம் என்று மூன்று படம், கொம்படி தெரிய ஒன்று, நான்கு குளம்பும் தெரிய ஒன்று, புல் மறைத்தால் ரோட்டைக் கடக்கும்வரை பொறுங்கள், வெல்வெட்டா முற்றியதா, தேதி. ஆறு மாதம் கழித்து மறுபடி. காகிதத்தை மடித்து வெற்றிலைப் பையில் வைத்துக்கொண்டார். காபிக்குக் காசு கொடுக்க விடவில்லை.

ஜூன் 16, திங்கள். இறக்கம்

குப்பனூர் வழியாக இறங்கலாம் என்று ஏறிய ஜீப் பாதி வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. நாற்பது நிமிஷம். ஒரு பலாப்பழ வண்டிக்காரர் நிறுத்தி, பம்பையும் கொடுத்து, பத்துச் சுளையும் கொடுத்தார். 30 ரூபாயை வாங்கிக்கொள்ள யோசித்தார். கீழே வந்ததும் வெயில் மறுபடி முதுகில்.

நேரம் இருந்ததால் மறுபடி குரும்பப்பட்டி. திங்கள்கிழமை, ஆளில்லை. வேலி ஓரத்து வேப்பமர நிழலில் அதே கலை, இடது தொடையில் இரண்டு புள்ளி ஒன்றாய் ஒட்டியிருப்பதை வெள்ளிக்கிழமையே குறித்து வைத்திருந்ததால் சந்தேகமில்லை. தலை மொட்டை. இடதுகொம்படியில் புதுப் பொருக்கு, ஈ மொய்க்கக் காதை ஆட்டிக்கொண்டிருந்தது. வலதுபக்கம் பொருக்கின் விளிம்பிலிருந்து தோல் உள்நோக்கி மூட ஆரம்பித்திருந்தது, சாம்பல் நிறத்தில், மழைக்காளான் மேல்தோல் போல.

தாண்டிப் போன ஒரு அம்மா பேத்தியிடம் சொன்னார்: "பாரு, பொட்டை மானு."